அப்பாவின் தூக்கமும் மகனின் பேஸ் கித்தாரும்



பேரா மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு பேஸ் கித்தாரும் அதற்கொரு பழைய ஆம்பிளிபையரும் வாங்கி வந்திருக்கிறான். வேலை முடிந்து வீடு வந்து சேர இரவு எட்டாகிவிடுகிறதாம். அவன் வாசிக்க உட்காரும் நேரமும் அப்பா பாய் விரிக்கும் நேரமும் ஒன்றாகிவிட்டது. அப்பா பால் மரம் வெட்டுகிறவர். விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போயாக வேண்டும். அடுத்த வீட்டில் கைக்குழந்தை வேறு. "ஒன்று அதை விற்றுவிடு, இல்லையென்றால் வெளியே கொண்டுபோய் வாசி" என்று அப்பா சொல்லிவிட்டார். பையன் ஒன்றும் பேசாமல் கித்தாரைப் பையில் போட்டு அலமாரி மேல் ஏற்றி வைத்துவிட்டான். "நான் யார் பக்கம் பேசுவது?" என்று கேட்கிறார் அந்த அம்மா.

இருவர் பக்கமும் பேசலாம், அம்மா. ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் கடைக்குப் போய் ஏதோ ஒன்றை வாங்கி மாட்டினால் காரியம் நடக்காது. பணம் வீணாவதோடு பிள்ளையின் காதும் கெட்டுப் போகக்கூடும். ஆகவே கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

முதலில் அப்பாவின் கட்சி. ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது குளிர்ந்த விடியற்காலையில்தான். வெயில் ஏறினால் பால் குறையும். அதனால் அவருடைய தூக்கத்தைப் பின்னால் தள்ளிப் போட முடியாது. அந்தத் தூக்கம்தான் மறுநாள் கூலி. "சத்தத்தைக் குறைத்துத்தானே வாசிக்கிறேன்" என்று மகன் சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை. பேஸ் கித்தாரின் ஒலியே அப்படிப்பட்டது. அதன் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலி காற்றில் போகும்போது ஓர் அலையின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 27 அடி. லயத்து அறையைவிட அலை பெரியது! இவ்வளவு ஆழ்ந்த ஒலியை மெல்லிய பலகை தடுப்பதில்லை. அதனோடு சேர்ந்து தானும் அதிரும். திருவிழாவில் மேடைக் கச்சேரி நடக்கும்போது தூரத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். பாடுகிறவர் குரல் காதுக்கு எட்டாது. 'டும் டும்' மட்டும் நெஞ்சில் வந்து இடிக்கும். போதாக்குறைக்குப் பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரை வரை எட்டுவதும் இல்லை. ஒரு வீட்டுப் பேச்சே அடுத்த வீட்டில் கேட்கும்போது பேஸ் கேட்காமலா இருக்கும்? தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கும் இதே கதைதான். ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே பார்த்துக்கொண்டு விழித்திருப்பார்.

இனி மகனின் கட்சிக்கு வருவோம். மின் பேஸ் கித்தாரை 1951இல் அமெரிக்காவில் கலிபோர்னியாக்காரரான லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதற்கு முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள். ஆனால் ஊர் உலகமெங்கும் பரவியது இவருடையதுதான். அதுவரை ஆள் உயரம் நிற்கும் பெரிய டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது விடுதலையாக இருந்தது. இதன் உடல் கெட்டியான மரக்கட்டை. உள்ளே பொந்து இல்லை. கம்பிகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. மேலே இரும்புக் கம்பி ஆடும்போது அந்தச் சுற்றில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் ஆம்பிளிபையரின் வேலை. ஆக, மின்சாரம் இல்லாமல் வாசித்தால் இந்த வாத்தியம் முணுமுணுக்கும், அவ்வளவுதான். ஊமையாக வாசிப்பதற்கென்றே பிறந்தது போன்ற வாத்தியம் இது!

அப்படியானால் ஒன்றும் மாட்டாமலே வாசிக்கலாமே என்று கேட்பீர்கள். விரல் பழகும் முதல் சில நாட்களுக்குச் சரி. ஆனால் தன் காதுக்கே கேட்கவில்லையே என்று பையன் கம்பியை ஓங்கி ஓங்கி இழுப்பான். அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. விரல் மெதுவாகத் தொட, ஒலி தெளிவாக வர வேண்டும். அதற்குத்தான் ஹெட்போன்.

ஹெட்போனை நேராகக் கித்தாரில் செருகினால் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. அதில் பிறக்கும் மின்சாரம் ஹெட்போனை ஓட்டப் போதாது. நடுவில் ஒரு சிறு பெட்டி வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஹெட்போன் ஆம்ப்கள் இப்போது கிடைக்கின்றன. கித்தாரிலேயே செருகிக்கொள்ளலாம், சில மெல்லிய பேட்டரியில் ஓடும், சிலவற்றைக் கைப்பேசி போலச் சார்ஜ் செய்யலாம். சோனி நிறுவனம் 1979இல் வாக்மேனை வெளியிட்டது நினைவிருக்கும். அதே போக்கில் 1982இல் 'பாஸ்டன்' என்ற அமெரிக்கக் குழுவின் கித்தார் கலைஞர் டாம் ஷோல்ஸ், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் 'ராக்மேன்' என்ற கருவியைச் செய்தார். அவர் பொறியியல் படித்தவர். இன்றைய சின்னப் பெட்டிகளுக்கெல்லாம் அது மூத்த அண்ணன். கடையில் கேட்கும்போது பேஸுக்கென்று செய்ததைக் கேளுங்கள். சாதாரணக் கித்தாருக்கானது என்றால் ஒலி சப்பென்று இருக்கும். கைப்பேசியிலிருந்து பாட்டைக் கொண்டுவர இன்னொரு துளை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். பாட்டோடு சேர்ந்து வாசிப்பதில்தான் பாதிப் பாடம் இருக்கிறது.

ஹெட்போனும் ஒயர் உள்ளதாக இருக்கட்டும். இப்போது பிள்ளைகள் எல்லாரும் ஒயரில்லாத புளூடூத்தைத்தான் விரும்புகிறார்கள். பாட்டுக் கேட்க அது நல்லது. வாசிக்க உதவாது. கம்பியைத் தொட்டு, ஒலி காதுக்கு வருவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிந்திவிடும். தாளத்தைப் பிடித்து நிறுத்துவதே பேஸின் வேலையாக இருக்க, பிந்தி வரும் ஒலியோடு என்ன பழகுவது? காது முழுவதையும் மூடும் வகை நல்லது. சில ஆம்பிளிபையர்களில் துளை பெரிதாகவும் ஹெட்போன் முனை சிறிதாகவும் இருக்கும். அதற்கான இணைப்புத் துண்டு வாங்கும்போது ஸ்டீரியோ என்று சொல்லி வாங்குங்கள். மோனோ துண்டைப் போட்டால் ஒரு காதில்தான் கேட்கும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கிவிடுவான்!

இவ்வளவும் செய்த பிறகும் அப்பா எழுந்து உட்காரலாம். காரணம் கால். வாசிக்கிறவர்கள் தம்மை அறியாமல் காலால் தாளம் போடுவார்கள். காதை மூடியிருப்பதால் அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்காது. பலகைத் தரையில் அது உரல் இடிப்பது போல வீடு முழுவதும் கேட்கும். காலுக்கடியில் பழைய கோணிப்பையை மடித்துப் போடுங்கள். கம்பியில் விரல் படும் 'டக்டக்' சத்தமும் உறுத்தினால், கம்பிகளின் கடைசிப் பகுதியில் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகலாம். இது மட்டமான வேலை என்று பையன் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மோட்டவுன் இசைத்தட்டுகளுக்கு வாசித்துப் பெயர் பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சனின் கித்தாரிலும் ஸ்பாஞ்ச் இருந்தது. அவர் வலக்கையில் ஒரே ஒரு விரலால் வாசித்தவர் என்பதையும் சொல்லி வையுங்கள்.

இப்போது காது. இதைப் பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தாழ்ந்த ஒலி மெல்லியதாக இருக்கும்போது மனிதக் காது அதைச் சரியாக வாங்கிக்கொள்வதில்லை. இதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அதனால் பேஸ் பழகுகிறவன் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று கூட்டிக்கொண்டே போவான். கூடவே பாட்டும் ஓடினால் கேட்கவே வேண்டாம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 89 டெசிபெல் என்றால் வாரம் முழுவதற்கும் ஐந்தே மணி நேரம். நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் சட்டவிதிப்படி வேலையிடத்தில் எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. ஆலை இரைச்சலிலும் புல்வெட்டும் மெஷின் சத்தத்திலும் வேலை செய்து, பேரப்பிள்ளைகள் கூப்பிடுவது கேட்காமல் இருக்கும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். உட்காதில் இருக்கும் மயிரிழை போன்ற அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே பேஸ் கேட்கவில்லையென்றால் பேஸைக் கூட்டாதே, பாட்டைக் குறை என்று சொல்லுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கழற்றி வைத்துத் தண்ணீர் குடிக்கட்டும். கழற்றிய பிறகு காதில் ரீங்காரம் கேட்டாலோ, பேச்சு பஞ்சு வைத்தாற்போல் மங்கிக் கேட்டாலோ, அன்றைக்கு அதோடு சரி. மறுநாள் இன்னும் குறைத்து வைக்க வேண்டும். இன்னொன்று: வாசலைப் பார்த்து உட்காரட்டும். நீங்கள் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. கை காட்டினால் தெரியும். கூப்பிட்டும் திரும்பவில்லை என்று எத்தனை வீட்டில் வீண் சண்டை!

இத்தனை பாடுபட்டு இந்த வாத்தியத்தைப் படிக்க வேண்டுமா என்று அப்பா கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நம் பிள்ளைகள் இசைக்குழு தொடங்கினால் எல்லாரும் பாடகராகவோ முன்னால் நிற்கும் கித்தார்காரராகவோ ஆகத்தான் ஆசைப்படுவார்கள். பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காது. பீட்டில்ஸ் குழுவிலேயே 1961இல் பேஸ்காரர் விலகியபோது மற்றவர்கள் பின்வாங்கினார்கள். பால் மெக்கார்ட்னி வேறு வழியில்லாமல்தான் அதை எடுத்துக்கொண்டார். யாருக்கும் வேண்டாத வாத்தியத்தை ஒழுங்காகப் படித்தவனுக்குக் கல்யாண மேடையிலும் திருவிழா மேடையிலும் இடம் உண்டு. ஆனால் ஹெட்போனுக்குள்ளேயே இருந்துவிட்டால் அந்த இடம் கிடைக்காது. பிறரோடு சேர்ந்து வாசிப்பதை எந்தப் பெட்டியும் கற்றுத் தராது. வாரம் ஒருமுறை பகல் நேரத்தில் கோயில் மண்டபத்திலோ நண்பர் வீட்டிலோ டிரம்ஸ் வாசிக்கும் பையனோடு உட்கார வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இரவில் குழுவோடு பழகப் போக அனுமதி கிடைக்காத எத்தனையோ தங்கைகள் இருக்கிறார்கள். ஏ.ஆர்.ரகுமானுக்கு வாசித்த மும்பைப் பெண் மோகினி டே, தகப்பனாரிடம் வீட்டிலேயே பேஸ் கற்றவர்தான்.

அம்மாவுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நீங்களும் ஒரு நாள் அந்த ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். 1970, 80களில் வந்த இளையராஜா பாட்டு ஏதாவது ஒன்றைப் போடச் சொல்லுங்கள். நாமெல்லாம் அந்தப் பாட்டுகளைச் சின்ன டிரான்சிஸ்டர் வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள். உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி வரவே வராது. சொல்லும் மெட்டும் மனப்பாடம். அடியில் இன்னொரு மெட்டு தனியாக நடந்து போவது நமக்குத் தெரியாது. பலவற்றில் அதை வாசித்தவர் சசிதரன். நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த பாட்டில் முதன்முறையாக அது கேட்கும்போது, உங்கள் மகன் எதைத் தேடி அலமாரி மேல் பார்க்கிறான் என்பது புரியும். அப்பாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் காதிலும் வைத்துப் பாருங்கள். முதலில் வேண்டாம் என்பார்.

கடைசியாக அந்தப் பழைய ஆம்பிளிபையர். அதில் ஹெட்போன் துளை இருந்தால் அதையே பயன்படுத்தலாம். செருகியதும் பெரும்பாலும் ஸ்பீக்கர் அடங்கிவிடும். ஆனால் அதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். மூன்று காலும் சரியாக இருக்கிறதா? எர்த் ஒயர் அறுந்துபோன ஆம்பிளிபையரோடு இரும்புக் கம்பியைத் தொட்டு வாசிப்பது உயிரோடு விளையாடுவது. 1972இல் பிரிட்டனில் லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். பழைய லயத்து ஒயரிங்கையும் நம்ப முடியாது. ஒயர்மேன் ஒருவரிடம் பிளக்கையும் வீட்டு எர்த்தையும் காட்டிச் சரி என்று அவர் சொல்லும் வரை பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டியே போதும்.