மாவட்ட எல்லையும் மக்கள் மன்றமும்

ஜேர்மனியின் வடகிழக்கே, போல்டிக் கடலோரத்தில், மெக்லன்பேர்க்–மேற்குப் பொமரேனியா என்னும் மாநிலம் உளது. 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி அதன் பன்னிரண்டு மாவட்டங்களும் ஆறாகக் குறைந்தன. மாவட்டம் எதிலும் அடங்காது தனித்து நின்ற ஆறு நகரங்களுள் ரொஸ்ரொக், ஷ்வேரின் இரண்டுமே அந்நிலையைக் காத்துக்கொண்டன. ஸ்ரால்சுண்ட், விஸ்மார் முதலிய தொன்மையான வணிகப் பட்டினங்களும் மாவட்டத்துள் ஒடுங்கின. நிலப்படத்திற் சில கோடுகள் மாறின, அவ்வளவே என்பாருமுளர். அவரோடு உடன்பட என்னால் இயலவில்லை.

ஜேர்மனியில் மாவட்டம் என்பது அரசாங்க அதிகாரி ஒருவரின் ஆட்சிப் பிரிவு மாத்திரமன்று. அதற்கு மக்கள் தெரிவுசெய்யும் மன்றமுண்டு. அதன் தன்னாட்சியை அரசியலமைப்பே காக்கின்றது. மன்ற உறுப்பினர் அப்பதவியைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஆசிரியரும் கமக்காரரும் கடைக்காரரும் தத்தம் அலுவல் முடித்துச் சென்று கூடுகின்றனர். எல்லை விரியுந்தோறும் அன்னாரின் பயணமும் நீளும் என்பதை மறத்தலாகாது.

மாநில அரசு காரணமின்றி இதிற் புகுந்ததாகக் கூறுதல் நேர்மையாகாது. இரு ஜேர்மனிகளும் இணைந்த 1990இல் ஏறத்தாழ 19 இலட்சமாயிருந்த மக்கள்தொகை, 2010இற் சுமார் 16 இலட்சத்து 40 ஆயிரமாயிற்று. இளைஞர் தொழில் தேடி மேற்கே போயினர், பிறப்பும் அருகிற்று. முப்பத்தொரு மாவட்டங்கள் 1994இலேயே பன்னிரண்டாக்கப்பட்டிருந்தன. அதுவும் போதாதென்று 2006இல் மாநிலப் பேரவை, ஆறு நகரங்களையும் உள்ளடக்கி ஐந்தே மாவட்டங்கள் அமைக்கச் சட்டஞ் செய்தது.

அச்சட்டத்தை 2007 யூலை 26இல் மாநில அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. அத்தீர்ப்பைச் சட்டம் பயிலாதாரும் சிந்தித்தல் வேண்டும். நிருவாகம் சிக்கனமாய் நடைபெறல் நன்றே. ஆயினும் குடிமக்கள் தம் ஓய்வு நேரத்தில் மன்றப்பணி ஆற்றக்கூடிய நிலையும் தன்னாட்சியின் உயிர்க்கூறாகும். அதனைப் பேரவை போதிய அளவு சீர்தூக்கவில்லை, வேறு வழிகளையும் செவ்வனே ஆராயவில்லை என நீதிமன்றங் கண்டது. கணக்காளர் ஏட்டில் உத்தியோகத்தரின் சம்பளம் ஏறும். குடிமகன் வீதியிற் கழித்த மாலைப்பொழுது ஏறாது. நீதிபதிகள் அதனையும் ஏட்டிற் சேர்த்தனர்.

பின்னர் 2010இல் வேறொரு சட்டம் வந்தது. ஐந்து ஆறாயிற்று, இரு நகரங்கள் தப்பின. 2011 ஓகஸ்டில் நீதிமன்றம் இதனை ஏற்றுக்கொண்டது. விளைவாகத் தோன்றிய மெக்லன்பேர்க் ஏரிநில மாவட்டம் ஏறத்தாழ 5,500 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. ஜேர்மனியிலேயே மிகப் பெரியது. சார்லாந்து என்னும் முழு மாநிலமும் அதன் அரைப்பங்குக்குக் குறைவு! ஐந்தைத் தள்ளிய நீதிமன்றம் ஆறைக் கொண்டதன் நியாயம் எனக்கு முற்றும் விளங்கியதெனச் சொல்லேன்.

டெமின் என்னும் சிற்றூரின் கதை தனியானது. பேன ஆற்றங்கரையிலுள்ள இப்பழம் பொமரேனிய நகரம் 1994 முதல் ஒரு மாவட்டத்தின் தலைநகராயிருந்தது. 2011இல் அம்மாவட்டம் பிளக்கப்பட்டது. ஒரு பகுதி கிறைவ்ஸ்வால்டைத் தலைநகராகக் கொண்ட பொமரேனிய மாவட்டத்துக்குச் சென்றது. டெமினோ நொய்பிரண்டன்பேர்க் தலைமையிலான ஏரிநிலத்துட் சேர்ந்து, மெக்லன்பேர்க் என்னும் பெயரைத் தாங்கலாயிற்று.

புதிய மாவட்டங்களுக்குப் பெயரிடும் உரிமை மக்களுக்கு அளிக்கப்பட்டது. 'தென்மேற்கு மெக்லன்பேர்க்' என்று முன்வைக்கப்பட்ட பெயரை வாக்காளர் விலக்கி, லுட்விக்ஸ்லுஸ்ற்–பார்க்கிம் என ஈரூர்ப் பெயரைத் தேர்ந்தனர். திசையை எவர் சொந்தவூராகக் கொள்வார்?

சேமிப்பு யாதாயிற்று எனின், 2008இல் 22 மாவட்டங்களைப் பத்தாக்கிய சக்சனி மாநிலத்தைப் பொருளியலாளர் ஆராய்ந்தபோது, மொத்தச் செலவு குறைந்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை. பிரண்டன்பேர்க், தூரிங்கியா ஆகிய அயல் மாநிலங்கள் 2017இல் இத்தகைய திட்டங்களைக் கைவிட்டன. இதற்கிடையில் 2012 நவம்பரில், மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டில் மறைந்த மாவட்டங்களின் எழுத்துகளை மீண்டும் பொறிக்க நாடெங்கும் வழிதிறக்கப்பட்டது. மாவட்டம் அழிந்த பின்னரும் டெமினைக் குறிக்கும் 'டீ. எம்.' எழுத்துகளை வேண்டிப் பெறுவோர் உளர்.