திருச்சியில சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கு... நம்ம பசங்களுக்கு லாகின் எப்போ?

மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் என் சித்தி பையன், போன கோடை விடுமுறையில் ஓர் ‘இன்டர்ன்ஷிப்’ முடித்தான். பணம் கட்டினான், இரண்டு வாரம் வீடியோ பார்த்தான், சான்றிதழ் வந்துவிட்டது. “என்னடா கத்துக்கிட்ட?” என்று கேட்டேன். “சர்டிஃபிகேட் வந்துடுச்சுல்லக்கா, அது போதும்” என்றான்.

அவன் கல்லூரியிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் திருச்சி என்.ஐ.டி. அங்கே 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது, நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்!

சூப்பர் கம்ப்யூட்டர்னா பெரிய லேப்டாப்பா?

இல்லை. பல கணினிகளை அதிவேக நெட்வொர்க்கால் இணைத்த ஒரு கூட்டம் அது. லேப்டாப் ப்ரோக்ராமை அப்படியே அதில் போட்டால் வேகம் கூடாது. வேலையைப் பிரித்து, ஒவ்வொரு கோருக்கும் பங்கு போட்டு எழுத வேண்டும்.

கல்யாண சமையலை நினைத்துப் பாருங்கள். வெங்காயம் நறுக்க பத்து பேரை உட்கார வைக்கலாம். ஆனால், உலை கொதிக்கும் நேரத்தை அந்தப் பத்து பேரால் குறைக்க முடியாது. 1967-ல் ஜீன் அம்டால் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். ஒரு ப்ரோக்ராமில் 10% வேலையைப் பிரிக்க முடியாது என்றால், 16 கோர் கொடுத்தாலும் 6.4 மடங்கு வேகம்தான். ஆயிரம் கோர் கொடுத்தாலும் 10 மடங்கைத் தொடாது.

இதை வகுப்பில் கற்க முடியாதா?

சூத்திரத்தைக் கற்கலாம், பரீட்சையும் எழுதலாம். ஆனால் 32 கோரில் ஓடியதைவிட 64 கோரில் மெதுவாக ஓடும்போது, ஏன் என்று தேடுவது வேறு படிப்பு. இரண்டு ப்ராசஸ்கள் ஒன்றின் பதிலுக்காக இன்னொன்று காத்திருந்து, இரண்டுமே முடங்கிப்போவதைப் புத்தகம் காட்டாது. அதற்கு ஒரு லாகின், ஒரு நிஜமான ஆய்வுக் கேள்வி, பக்கத்தில் ஒரு வழிகாட்டி, கூடவே எட்டு பத்து வாரம் வேண்டும்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ‘ஆர்.இ.யு.’ திட்டம் இளநிலை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, கோடையில் ஆய்வு செய்ய வைக்கிறது. சூப்பர் கம்ப்யூட்டிங்கும் அதில் உண்டு. அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களும்தான் சேர முடியும். ஆனால் அதன் ஒரு விதியை நாம் எடுத்துக்கொள்ளலாம்: குறைந்தது பாதி பேர், ஆய்வு வசதி குறைந்த கல்லூரிகளிலிருந்து வர வேண்டும்.

நம்ம நாட்டில் என்ன இருக்கு?

2015-ல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் மிஷனுக்கு ஒப்புதல் கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி. உட்பட நான்கு ஐ.ஐ.டி.களில் பயிற்சி மையங்களும் அமைந்தன. பயிற்சிப் பட்டறைகள் நல்லதுதான். ஆனால் சில நாள் பட்டறையில் அறிமுகம் கிடைக்கும், கை பழகாது. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம், மாணவர்களை இரண்டு மாதம் விஞ்ஞானிகளிடம் அனுப்புகிறது. ஆக, இந்த மாடல் நமக்குப் புதுசு இல்லை.

இதையே சூப்பர் கம்ப்யூட்டர் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் செய்யலாம். கோடைக்கு இருபது மாணவர்கள், பாதி பேர் சாதாரண கல்லூரிகளிலிருந்து. ஹாஸ்டலும் உதவித்தொகையும் கட்டாயம். லீவில் வேலைக்குப் போய் ஃபீஸ் சேர்க்கும் மாணவர், இலவசப் பயிற்சி என்றாலும் வர முடியாது.

‘பசங்க மெஷினைக் கெடுத்துட்டா?’ என்ற பயம் வேண்டாம். ஒரு கணக்குக்கு இத்தனை கோர், இத்தனை மணி நேரம் என்று எல்லை வைக்கும் மென்பொருள் இந்த மையங்களில் வழக்கமாக இருப்பதுதான்.

இன்று வாங்கும் மெஷின் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். அதற்குள் அதில் பழகியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் போட்ட பணத்துக்கான கணக்கு. என் சித்தி பையனுக்கு இன்னும் ஒரே ஒரு கோடை விடுமுறை பாக்கி இருக்கிறது. இந்த முறையும் அவன் காசு கட்டி வீடியோதான் பார்க்க வேண்டுமா?