கத்தரிக்காய்க்கு லேப் இருக்கு, மருந்து டப்பாவுக்கு?



கத்தரிக்காயையும் கறிவேப்பிலையையும் லேபுக்கு அனுப்பி, பூச்சிமருந்து மிச்சம் இருக்கா என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். வேண்டாமென்று நம் சங்கம் ஒருநாளும் சொல்லாது. வாங்கிச் சாப்பிடுகிறவர் வீட்டுப் பிள்ளையும் பிள்ளைதானே. ஆனால் ரிசல்ட் வந்ததும் கூண்டில் ஏற்றப்படுவது நாம் மட்டும்தான். அது ஏன் என்பதே நம் கேள்வி.

2003 ஆகஸ்டில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கோக், பெப்சி கம்பெனிகளின் 12 வகைக் குளிர்பானங்களைத் தன் லேபில் சோதித்தது. லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் இருப்பதாக அறிவித்தது. கம்பெனிகள் சும்மா இருந்தனவா? லேபையே சந்தேகித்தன, கோர்ட்டுக்குப் போயின. சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு உட்கார்ந்தது. 2004 பிப்ரவரியில் அந்தக் குழுவும் லேப் சொன்னது சரி என்றே அறிக்கை கொடுத்தது.

கோலாவுக்கு நாடாளுமன்றக் குழு. நமக்கு? 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் நஞ்சு அதிகம் என்று கேரள அரசு குற்றம் சாட்டியது. தமிழக அரசு மறுத்தது. இரண்டு பக்கமும் அறிக்கை விட்டார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை கொண்டு போனவன் கையில் 'என் காய் சுத்தம்' என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. தனியார் லேபுக்குப் போனால் ஒரு மாதிரிக்கே ஆயிரக்கணக்கில் கேட்கிறான். காய் வித்த காசு அதுக்கே பத்தாது.

சங்கதி இன்னொன்றும் இருக்கு. ஒரு காய்க்கு ஒரு மருந்தின் அளவு குறிக்கப்படவில்லை என்றால், கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. பத்துக் கோடியில் ஒரு பங்கு! பருத்திக்கென்று பதிவான மருந்தை வெண்டைக்கு அடித்தால், கொஞ்சமாய் அடித்தாலும் காய் ஃபெயில்தான்.

அந்த மருந்தைக் கொடுத்தது யார்? "இலை சுருளுதுங்க" என்று ஒரு கிளையை ஒடித்துக் கொண்டு போனால், கடைக்காரர் ரெண்டு டப்பாவை எடுத்து வைத்து "டேங்குக்கு ரெண்டு மூடி" என்கிறார். பில் கேட்டால் முறைக்கிறார். பில் இல்லாமல் பூச்சிமருந்து விற்கவே கூடாது என்பது சட்டம். எத்தனை நாள் கழித்துப் பறிக்கணும் என்று டப்பாவோடு வரும் காகிதத்தில் போட்டிருக்கும். படிக்க பூதக்கண்ணாடி வேணும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. பருத்திக்கு என்ற பெயரில் அதே டப்பா அதே கடையில் அதற்குப் பிறகும் பல வருஷம் விற்றது.

நம்ம மேல தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. விலை ஏறுது என்று முந்தாநாள் அடித்த காயை விடியக்காலையில் பறிக்கிறவர் நமக்குள்ளும் உண்டு. வீட்டுக்கு மட்டும் மருந்து அடிக்காத நாலு செடி தனியாக வைக்கிறவரும் உண்டு. இதை மறைத்துப் பேசினால் நம் கோரிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

2005-ல் அதே டெல்லி மையம் பஞ்சாபில் 4 கிராமங்களில் 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. ரத்தத்திலேயே பூச்சிமருந்து. சாப்பிடுகிறவருக்கு மிச்சம்தான் போகுது. முதுகில் டேங்கைக் கட்டி அடிக்கிறவனுக்கு மொத்தமும். அவன் ரத்தத்தை இங்கே எந்த லேப் பார்த்தது?

ஆகவே நாம் கேட்பது இதுதான். மாவட்டத்துக்கு ஒரு லேப் வை. சிறு விவசாயிக்கு இலவசமாய், பறிப்புக்கு முன்னாலேயே சோதித்து, ரிசல்ட்டைத் தமிழில் கொடு. காய் ஃபெயிலானால் அந்த மருந்தை விற்ற கடையிலும் அன்றைக்கே மாதிரி எடு. சிபாரிசு இல்லாத மருந்தைத் தலையில் கட்டியவனுக்கு லைசென்ஸை ரத்து செய். மருந்து அடிக்கிற கூலி ஆட்களுக்கு வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை நடத்து.

அடுத்த விவசாயிகள் குறைதீர் நாளன்று எல்லோரும் கலெக்டர் ஆபீசுக்கு வரணும். வரும்போது, இந்தப் பருவத்தில் அடித்த மருந்தின் காலி டப்பாக்களைச் சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். பில் இருந்தால் பில். இல்லையென்றால் எந்தக் கடை, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். அதை அப்படியே கலெக்டர் மேஜையில் வைப்போம்.