வயர் அறுந்தால் என்ன ஆகும்?

மதிப்பிற்குரிய தொழில்நுட்பக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

கோவையில் தொழிற்சாலைகளுக்கு கன்ட்ரோல் பேனல் கட்டி, எந்திரங்களை இயக்கும் பி.எல்.சி.க்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் தொழில். மே மாதம் வந்தால் கல்லூரிகளில் 'இண்டஸ்ட்ரியல் ஐஓடி', 'சைபர் ஃபிசிக்கல் சிஸ்டம்' என்று கோடைப் பள்ளிகள் களைகட்டுகின்றன. அந்தச் சான்றிதழோடு என்னிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கெட்டிக்காரப் பிள்ளைகள். சென்சாரைப் போர்டில் மாட்டிக் கைப்பேசியில் வெப்பநிலையைக் காட்டிவிடுகிறார்கள். "நெட்வொர்க் போய்விட்டால் மோட்டார் ஓடணுமா, நிக்கணுமா?" என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிக்கிறார்கள். எந்தக் கோடைப் பள்ளியும் அந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆலையில் பாதிப் பாடம், இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான். தொட்டியின் மட்டத்தை அளக்கும் லெவல் டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை சிக்னல் அனுப்பும். ஏன் 0-வில் தொடங்கவில்லை? தொட்டி காலியென்றால் 4 வரும். எலி வயரைக் கடித்துவிட்டால் 0 வரும். 0-வில் தொடங்கியிருந்தால் அறுந்த வயரையும் காலித் தொட்டி என்றே பி.எல்.சி. எடுத்துக்கொள்ளும். பம்பு நிற்காது, தொட்டி வழியும். இதைப் புரிந்துகொண்ட பையனுக்கு கிளவுடை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மீதிப் பாதி பாதுகாப்பு. கருவிகள் பேசிக்கொள்ள இன்றும் ஆலைகளில் புழங்கும் மோட்பஸ் நெறிமுறை 1979-ல் வந்தது. கட்டளை அனுப்புவது யார் என்று அது கேட்பதே இல்லை. ஆலைக்குள் அடங்கிய வயரில் அது பரவாயில்லை. அப்படியே இணையத்தில் மாட்டுவதுதான் விபரீதம். வெளியிலிருந்து கைவைக்க இணையம்கூடத் தேவையில்லை. 2000-ல் ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில், நகராட்சி வேலை கிடைக்காத ஒருவர் லேப்டாப்பும் ரேடியோவும் வைத்துக்கொண்டு கழிவுநீர் பம்புகளை ஆட்டிவைத்தார். சுமார் 8 லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது.

ஆகவே கோடைப் பள்ளியை ஏ.சி. ஹாலிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து இண்டஸ்ட்ரி 4.0 மையங்களாக அரசு மாற்றியிருக்கிறதே, விடுமுறையில் அங்கே நடத்தலாம். அவை வேலைவாய்ப்பு, பயிற்சித் துறையின் கீழ் வருகின்றன என்பீர்கள். இரண்டு துறை அலுவலகங்களும் கிண்டியில்தானே இருக்கின்றன! வகுப்பெடுக்கப் பேராசிரியரோடு மெயின்டனன்ஸ் ஃபிட்டரையும் அழையுங்கள். அதனால் அவருக்கு அன்றைய சம்பளம் நஷ்டமாகக் கூடாது. தேர்வுக்கு வினாத்தாள் வேண்டாம். ஓடுகிற டெமோ பேனலில் ஆசிரியர் ஒரு வயரைப் பிடுங்கட்டும், மாணவர் கண்டுபிடிக்கட்டும்.

என் பட்டறையில் பழைய பி.எல்.சி., டிரைவ், டிரான்ஸ்மிட்டர்கள் கிடக்கின்றன. இரண்டு டெமோ பேனலுக்குத் தேறும். கட்டித் தருகிறேன், காசு வேண்டாம். ஏப்ரலுக்குள் சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
பேனல் கட்டும் ஒருவன்,
கோவை