வங்கி வீழ்ந்த கதையை எங்கே பார்ப்பது?

வங்கி நெருக்கடியைப் பற்றிய நல்ல படமொன்றை எங்கே பார்க்கலாம் என்று கேட்போருக்கு இன்று கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: இன்ன நிறுவனத்துக்கு மாதச் சந்தா செலுத்துங்கள், வீட்டில் இருந்தபடியே, கைக்குள் அடங்கும் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். கேள்வியும் சாதாரணமானது, விடையும் சாதாரணமானது என்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு படத்தை எங்கே இருந்து பார்க்கிறோம் என்பது, அப்படத்தில் யாரைக் காண்கிறோம் என்பதோடு பிரிக்கவொண்ணாத தொடர்புடையது.

2011ஆம் ஆண்டில் ஜே. சி. சாண்டோர் நெறிப்படுத்திய 'மார்ஜின் கோல்' என்னும் அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் குறிப்பிடப்படாத நியூயோர்க் முதலீட்டு வங்கியொன்றில் ஏறத்தாழ ஒரு பகலும் இரவும் நிகழ்வதே கதை. வேலைநீக்கம் செய்யப்பட்டு வெளியேறும் அதிகாரி ஒருவர், தாம் முடிக்காத கணக்கொன்றைத் தம் கீழ் வேலைபார்த்த இளைஞனிடம் கொடுத்துச் செல்கிறார். அவன் அதைச் செய்து முடிக்கிறான். பிறருடைய வீட்டுக் கடன்களை மூட்டையாகக் கட்டி உண்டாக்கிய பத்திரங்கள் நாலிலொரு பங்கு விலை இறங்கினால், அந்த நட்டம் கொம்பனியின் முழுப் பெறுமதியையும் விழுங்கிவிடும் என்பது தெரியவருகிறது. நள்ளிரவில் மேலதிகாரிகள் கூடுகின்றனர். குப்பை என்று தாமே அறிந்த பத்திரங்களை, பொழுது விடிந்ததும், அதை அறியாத வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுவதென்று தீர்மானிக்கின்றனர். அவ்வண்ணமே செய்தும் முடிக்கின்றனர்.

படம் திறமையானது என்பதை மறுப்பதற்கில்லை. வேலை இழந்த அந்த அதிகாரி, முன்னொரு காலத்தில் தாம் பாலமொன்று கட்டியதையும், அதனால் மக்களுக்கு மிச்சமான பயண நேரத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் கட்டம் ஒன்றே போதும். ஆக்கும் உழைப்புக்கும் பத்திரச் சூதாட்டத்துக்கும் உள்ள பேதத்தை அது உணர்த்திவிடுகிறது.

ஆயினும், அந்தப் பத்திரங்களை வாங்கி ஏமாந்தவர் யார்? வீட்டை இழந்தவர் யார்? அவர்களுக்குப் படத்தில் முகமில்லை. லிப்ட் ஒன்றில் இரு மேலதிகாரிகள் தத்தம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது பற்றிப் பேசிக்கொள்கின்றனர். அவர்களுக்கு நடுவே துப்புரவுத் தொழிலாளிப் பெண்ணொருத்தி வாய் திறவாமல் நிற்கிறாள். இறுதிக் காட்சியிலே, இறந்த தம் நாய்க்கு ஓர் அதிகாரி குழி தோண்டுகிறார். நாய்க்குக் கிடைத்த துக்கம் ஏமாந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்பெண்ணை நெறியாளர் காரணத்தோடுதான் அங்கே நிறுத்தினார் என்றே கொள்வோம். ஆனால் அவளைக் காண்பதற்குக் கண் வேண்டும். தனியறையிலே இருந்து பார்ப்பவன், விலையுயர்ந்த உடை அணிந்தோரின் மனப்போராட்டத்தில் தன்னை மறந்துவிடுவது எளிது. நகையை அடகு வைத்தவரும், கூலிக்குக் கூட்டிப் பெருக்குபவரும், சேமிப்புப் புத்தகத்தை நம்பி வாழ்பவரும் அருகருகே அமர்ந்திருக்கும் மண்டபத்தில், அவளை முதலிற் காண்பவர் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

1932இல் பிராங் கப்ரா எடுத்த 'அமெரிக்கன் மாட்னஸ்' படத்தில், வதந்தி தொலைபேசி வழியே ஊதிப் பெருக்கிறது. பணத்தை மீட்க மக்கள் வங்கிக்குள் முண்டியடிக்கின்றனர். ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டுவந்த காலம் அது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நாட்டின் வங்கிகள் அனைத்தையுமே அரசு தற்காலிகமாக மூட நேர்ந்தது. நல்லெண்ணம் படைத்த ஒரு வங்கித் தலைவரால் எல்லாம் சரியாகும் என்ற கப்ராவின் நம்பிக்கை நமக்கு உடன்பாடன்று. ஆனால் அப்படத்தில் சனக்கூட்டம் இருந்தது. அதைக் காட்டிய படமாளிகையிலும் சனக்கூட்டம் இருந்தது.

'மார்ஜின் கோல்' 2011 ஒக்ரோபரில் படமாளிகையிலும், கட்டணம் செலுத்துவோரின் வீட்டுத் திரையிலும் ஒரே நாளில் வெளியாயிற்று. அந்த நாட்களிலேயே, நியூயோர்க் பங்குச் சந்தைக்கு அருகில் உள்ள சுக்கோட்டிப் பூங்காவில் மக்கள் கூடாரமடித்து நீதி கேட்டுக்கொண்டிருந்தனர். 60,000 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனோடு லீமன் பிரதர்ஸ் வங்கி 2008 செப்டெம்பர் 15இல் வீழ்ந்ததும், அடுத்த மாதமே நிதித்துறையைக் காப்பாற்ற 70,000 கோடி டொலர் வரை பொதுப்பணத்தை ஒதுக்க அமெரிக்கக் கொங்கிரஸ் சம்மதித்ததும் அவர்களுக்கு மறந்துவிடவில்லை.

"கலை தனிமையிலே சுவைக்கத் தக்கது, படமாளிகையைப் பொதுக்கூட்ட மேடையாக்காதீர்கள்" என்பர் சிலர். அவர்களை நாம் கேட்கிறோம்: நட்டம் வரும்போது அதனை எல்லோர் தலையிலும் பொதுவாக ஏற்றுகிறீர்கள், அந்த நட்டம் எப்படி வந்தது என்னும் விளக்கம் மட்டும் தனியுடைமையாக இருக்க வேண்டுமா?

இது நமக்கு அந்நியமான கதையன்று. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்திய நாடு நம்முடையது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, வங்கிகளின் முறிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகளோ மாற்றப்பட்டன. அந்த லிப்டிலே நின்றவளின் மௌனத்தை நாமும் அறிவோம்.

ஆகவே இத்தகைய படங்களைச் சனசமூக நிலையத்திலே பாருங்கள். தொழிற்சங்க மண்டபத்திலே, நூலகத்திலே பாருங்கள். வீட்டுச் சந்தா பொதுக்காட்சிக்கு உரிமை தருவதில்லை. உரிமையாளரிடம் தனி அனுமதி பெறவேண்டும். அதற்குரிய பணத்தை ஆளுக்குச் சிறிதாகச் சேர்த்துக் கட்டுங்கள். படம் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். விளக்கைப் போட்டு, விற்றவன் யார், வாங்கியவன் யார், இழந்தவன் யார் என்று பேசுங்கள். படத்திலே வாய் திறவாத அந்தப் பெண்ணைப் போன்றவள் சபையில் இருந்தால், முதலில் அவளைப் பேசவிடுங்கள்.