ஆஸ்பத்திரித் தொழிலாளியின் உடம்புக்கு யார் பொறுப்பு?

பஞ்சுத் தூசி நெஞ்சை அரிக்கும் என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். பூச்சிமருந்து உயிரைக் குடிக்கும் என்பது வயலில் உழைப்பவருக்குத் தெரியும். ஆனால், நாம் நோயென்று போய்ப் படுக்கும் ஆஸ்பத்திரியும் ஒரு வேலைத்தலம்தான். அங்கும் உழைப்பவரின் உடம்பு தேய்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நர்சும் ஆயாவும் வார்டு ஊழியரும் நாள் முழுவதும் நோயாளிகளைத் தூக்குகிறார்கள், புரட்டுகிறார்கள், நகர்த்துகிறார்கள். நெல் மூட்டை அசையாமல் இருக்கும். வலியில் துடிக்கும் மனிதன் அப்படி இருப்பானா? நோயாளியைக் கையால் தூக்குவதில் சுமார் 16 கிலோவுக்கு மேல் பாரம் ஏறினால் ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சியாளர் 2007இல் கணக்கிட்டுச் சொன்னார். நோயாளியோ 50, 60 கிலோ இருக்கிறார். தூக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. இடுப்பு ஒடிவதில் என்ன ஆச்சரியம்?

அடுத்தது ஊசி. மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ்-பி உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவர் கையில் குத்தினால், நூற்றுக்கு 6 முதல் 30 பேருக்கு அந்நோய் தொற்றும். குப்பைப் பையில் கிடக்கும் ஊசி, நர்சைவிடத் துப்புரவுத் தொழிலாளியைத்தான் தேடிக் குத்துகிறது. காற்றோட்டமில்லாத வார்டில் காசநோய் காத்திருக்கிறது. இராவேலையோ புற்றுநோய்க்கு வழிகோலக் கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007இலேயே எச்சரித்தது. கொரோனாக் காலத்தில், 2020 ஜனவரி முதல் 2021 மே வரை மட்டும், உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரை சுகாதார ஊழியர்கள் மாண்டிருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அன்று அவர்களுக்குக் கை தட்டினார்கள். கை தட்டினால் வயிறு நிறையுமா? நோய் தீருமா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்கின்றன. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு விதிவிலக்கு என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி நிர்வாகம் காண்ட்ராக்டரைக் காட்டுகிறது. காண்ட்ராக்டர் நிர்வாகத்தைக் காட்டுகிறார். இடையில் தொழிலாளிதான் குத்துப்படுகிறார்.

தோழர்களே! “நர்சு சிடுசிடுக்கிறாள், கூப்பிட்டால் வருவதில்லை” என்று நாம் கோபிக்கிறோம். பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்சாவது வேண்டும் என்பது நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. ஐந்து பேரைப் பார்க்க வேண்டியவரை நாற்பது பேருக்கு நிறுத்தி வைத்தால் எப்படி ஓடி வருவார்? நம் கோபம் அந்தப் பெண்மணியின் மேல் பாயக் கூடாது. ஆள் போடாமல் மிச்சம் பிடிப்பவர்கள் மேல் பாய வேண்டும். அவர் களைத்தால் மருந்து மாறும். மருந்து மாறினால் போவது நம் வீட்டு உயிர்.

எனவே காலி இடங்களை நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்பு! காண்ட்ராக்ட் தொழிலாளி உட்பட அனைவருக்கும் தடுப்பூசி போடு! ஊசி குத்தினால் உடனே இலவச சிகிச்சையும், சம்பளத்துடன் லீவும், நஷ்டஈடும் கொடு! நோயாளியைத் தூக்கக் கருவி கொடு!

இவை ஆஸ்பத்திரி ஊழியரின் கோரிக்கைகள் மட்டுமல்ல. அங்கே படுக்கப் போகும் நம் எல்லோருடைய கோரிக்கைகள். அவர்கள் வாசலில் நின்று குரல் கொடுக்கும் நாளில், ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் பக்கத்தில் நிற்க வேண்டும்.