ஆசிரியரும் ஒத்துழையாமையும்

ஒத்துழையாமை என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவருட் பலருக்குக் காந்தியடிகளின் நினைவே வரும். ஆங்கிலேயர் தம் படைவலியால் மட்டும் இந்தியாவை ஆளவில்லை, இந்தியர் துணைநிற்பதனாலேயே ஆளுகின்றனர் என்பது 1909ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘இந்து சுயராஜ்யம்’ என்னும் நூலின் உட்கருத்துக்களுள் ஒன்று. அக்கருத்தே 1920இல் பேரியக்கமாக உருக்கொண்டது. ஆளப்படுவோரின் கைகளும் சேர்ந்தே ஆட்சியை நடத்துகின்றன என்னும் இவ்வுண்மையை இன்று மறுப்பார் அரியர். எனினும், எந்தக் கையை எடுத்தால் எது நின்றுபோகும் என்பதை ஆராயாது மேற்கொள்ளும் மறுப்பு, மறுத்தவருக்கே ஊறாய் முடிவதும் உண்டு. ஆசிரியர்கள் முன்னின்ற இரு மறுப்புக்களை ஒப்புநோக்கி இதனை விளக்க விரும்புகிறேன். ஒன்று நம் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. மற்றையது நோர்வே நாட்டில் நிகழ்ந்தது.

1924ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தை இப்பத்திரிகையின் வாசகர்கள் அறிவார்கள். அதனைத் தோற்றுவித்த ஹண்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். அவருடன் நின்றோருட் பலரும் ஆசிரியர்களே. சாதி வேற்றுமையைக் கண்டித்ததும், 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் இவ்வியக்கத்தின் பெருமைகள். டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயாட்சி தரவில்லை என்பதனால், 1931ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அது மக்களைக் கேட்டது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்ய ஒருவரும் முன்வரவில்லை.

அவ்விளைஞர்கள் ஓர் இனத்துக்காக அன்றி, முழு இலங்கையின் விடுதலைக்காகவே குரல் கொடுத்தார்கள். அவர்தம் நோக்கின் தூய்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விளைவு யாது? தென்னிலங்கை அவர்களைப் பின்தொடரவில்லை. தேர்ந்தெடுக்கப்படுவோருக்கென இருந்த ஐம்பது ஆசனங்களுள் நான்கு வெறுமையாயின. சபையோ தடையின்றிக் கூடியது. அதனினும் மேலான இழப்பு ஒன்றுண்டு. ஆண் பெண் வேறுபாடும், கல்வி, சொத்து என்னும் நிபந்தனைகளும் அற்ற வாக்குரிமை இத்தீவுக்குக் கிடைத்தது அத்தேர்தலிலேயே. அந்நான்கு தொகுதிகளிலும் வாழ்ந்த ஏழைத் தொழிலாளியும், பெண்களும், தாழ்த்தப்பட்ட மக்களும் தம் முதல் வாக்கை இடுவதற்கு 1934ஆம் ஆண்டின் இடைத்தேர்தல் வரை காத்திருக்க நேர்ந்தது. சமத்துவம் பேசிய இயக்கத்தின் மறுப்பு, சமத்துவம் பெறவிருந்தவரின் உரிமையையே தள்ளிவைத்தது.

இனி நோர்வேயைப் பார்ப்போம். 1940ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜேர்மனியப் படை அந்நாட்டின்மீது படையெடுத்தது. 1942 பெப்ரவரியில் ஆட்சித் தலைவராக அமர்த்தப்பட்ட குவிஸ்லிங், ஆசிரியர் யாவரும் தம் கட்சியின் கீழ் அமைந்த புதிய சங்கத்திற் கட்டாயம் சேரவேண்டும் என்றும், இளையோர் யாவரும் கட்சியின் இளைஞர் அணியிற் சேரவேண்டும் என்றும் சட்டம் செய்தார். ஆசிரியர்கள் ஊர்வலம் போகவில்லை. வேலையை விட்டுச் செல்லவுமில்லை. ஒரே வாசகத்தைத் தனித்தனியே எழுதி, தத்தம் பெயரைக் கையொப்பமிட்டு, அமைச்சுக்கு அனுப்பினார்கள். அவ்வழியில் இளையோரைப் பயிற்றத் தம் மனச்சான்று இடந்தராது, அச்சங்கத்தின் உறுப்பினராகத் தம்மைக் கருத இயலாது என்பதே அதன் சாரம். நாட்டின் ஆசிரியருட் பெரும்பாலோர் இவ்வாறு எழுதினர்.

அரசு பள்ளிகளை மூடியது; மார்ச் மாதத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியரைச் சிறைப்படுத்தியது. அவருட் பல நூற்றுவர் வடகோடியிலுள்ள கிர்க்கெனெஸ் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கடுங்குளிரில் மூட்டை சுமந்தனர். பெற்றோர் பெருந்தொகையாக எதிர்ப்புக் கடிதங்கள் எழுதினர். சிறைப்பட்டோரின் குடும்பங்களுக்குப் பொருளுதவி இரகசியமாகச் சென்றது. வெளியே இருந்த ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு வீடுகளிற் பாடஞ் சொன்னார்கள். அவ்வாண்டு மே மாதம் ஒஸ்லோவுக்கு அண்மையிலுள்ள பாடசாலை ஒன்றிற்கு நேரிற் சென்ற குவிஸ்லிங், ஆசிரியர்களே தம் திட்டமனைத்தையும் பாழாக்கிவிட்டதாகச் சீறினார். நவம்பருக்குள் கைதிகள் வீடு திரும்பினர். எண்ணியபடி அச்சங்கம் இயங்கவே இல்லை.

இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து நோக்கும்போது எனக்கு இரு வேறுபாடுகள் புலனாகின்றன. ஆசனம் வெறுமையாயினும் அரசாங்க சபை நடந்தது; ஆசிரியர் இன்றி வகுப்பறை நடவாது. நோர்வே ஆசிரியர்கள் ஆட்சி வேறெங்கும் பெறமுடியாத ஒன்றையே கொடுக்க மறுத்தார்கள். அன்றியும், மறுப்பின் விலையைத் தாமே செலுத்தினார்கள். பிள்ளைகளிடமிருந்து அதனை அறவிடவில்லை. அடக்குமுறையின் கொடுமையில் 1931ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத்தை 1942ஆம் ஆண்டின் நோர்வேயோடு ஒப்பிடுதல் தகாது என்பார் உளர். உண்மை. நான் ஒப்பிடுவது மறுத்தோர் மேற்கொண்ட முறையையே.

பழங்கதையென இதனை ஒதுக்குவதற்கில்லை. 2021ஆம் ஆண்டில், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி, நம் நாட்டின் ஆசிரியர்கள் சுமார் மூன்று மாதங்கள் இணையவழிக் கற்பித்தலினின்று விலகி நின்றார்கள். நீண்டகாலம் தீர்க்கப்படாதிருந்த அக்கோரிக்கை நியாயமானது என்பதே என் துணிபு. அவர்களின்றிக் கற்பித்தல் நடவாது என்பதும் வெளிப்படை. ஆயினும், தனியார் வகுப்புக்குப் பணங்கொடுக்க வழியற்ற வீட்டுப் பிள்ளையே அதன் விலையிற் பெரும்பங்கைக் கொடுத்தது. அறிக்கை எழுதுதலையும் கூட்டங்களையும் பிற அலுவலகப் பணிகளையும் நிறுத்தி, பாடத்தை மட்டும் தொடர்ந்திருந்தால் கோரிக்கை வலுக்குன்றியிருக்கும் என்று சிலர் கூறலாம். பெற்றோர் ஆசிரியரின் பக்கமே நின்றிருப்பர், அதனால் வலு மிகுந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

கடையடைப்பு ஆயினும் பகிஷ்காரம் ஆயினும் அழைப்பு விடுப்போர் முதலிற் கேட்கவேண்டியவை இரண்டு: நாம் விலகினால் நின்றுபோவது எது? அதற்கு விலை கொடுப்போர் யார்? அன்றாடக் கூலியால் அடுப்பெரிக்கும் ஒருவனே அவ்விலையைக் கொடுப்பான் என்றால், அவன் வீட்டு அரிசிக்கு வழிசெய்த பின்னரே அழைப்பை விடுக்க வேண்டும்.